கௌரியின் வயிற்றுப் புளிப்பு

பாளையம்பட்டியில் டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால், கடைசி வரிசை வீடுகளும் கரிசல் காடும் சேரும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கங்கம்மாளின் மாடுகள் அங்கேதான் நிற்கின்றன, வீடும் அதை ஒட்டித்தான். மாடுகள் என்று சொன்னாலும் பால் கறப்பது கௌரி ஒன்றுதான். பக்கத்தில் நிற்பது கௌரி போட்ட கிடாரி. அது இன்னும் பருவத்துக்கு வரவில்லை.

மாடு வளர்ப்பது கங்கம்மாளின் பிறந்த வீட்டுத் தொழில் இல்லை. அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் பிறந்தவர். வீட்டில் பேசுவது கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். சிறு வயதில் தறிக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றினார், கல்யாணமான பின்பும் சுற்றினார். கணவர் சென்னய்யா கைத்தறியை விட்டுவிட்டு விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் கங்கம்மாளின் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. விசைத்தறியோ ஒரு வாரம் ஓடினால் ஒரு வாரம் நிற்கும். அப்போது வாங்கியதுதான் முதல் மாடு. தீவனம் வைப்பதையும் கறப்பதையும் பக்கத்துக் காட்டுக்காரர் நல்லமுத்துவின் தொழுவத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். மகள் ஹேமலதாவைப் படிக்க வைத்ததும் திருப்பூரில் கட்டிக்கொடுத்ததும் மாட்டை வைத்துத்தான். இப்போது வீடு நடப்பதும் கௌரியின் மடியை நம்பித்தான்.

விடிவதற்கு முன் சாணி அள்ளிக் கொட்டகையைக் கழுவுவார். பால் கறந்து டீக்கடைகளுக்குக் கொடுத்து முடித்ததும், தள்ளுவண்டியில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் ஒரு பானையில் கழுநீராகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதை வாங்கிவந்து தொட்டியில் ஊற்றி, பிண்ணாக்கைக் கரைத்து, மக்காச்சோளத் தட்டையை நறுக்கிப் போட்டால் மதியம் ஆகிவிடும். பிறகு மறுபடி கறவை. முழங்காலில் வலி. நூல் சுற்றிய தோளில் அதைவிடப் பழைய வலி. உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடாக இருப்பதால், கறக்கும் நேரம் தவிரப் பகலில் அவர் உட்காருவதே இல்லை.

கறக்கும் பாலில் முதல் செம்பு அவர்கள் தெரு அம்மன் கோயில் அபிஷேகத்துக்குப் போகும். அது சென்னய்யாவின் அப்பா ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அந்தக் காலத்தில் பாலை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள், இப்போது சொந்த மாட்டுப் பால். அந்தப் பாலுக்காகவே அந்த வீட்டில் கறி சமைப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் குளித்து, செம்பை வேட்டித் துணியால் மூடி எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது சென்னய்யாவின் முதுகு நிமிர்ந்திருக்கும். தறிக்கூடத்துக்குப் போகும்போது அப்படி இருக்காது.

ஐப்பசியில் கோயில் கொடைத் திருவிழாவின் கடைசி நாள் அன்னதானம். அன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக வருகிற கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. வெள்ளைச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் அண்டாவில் அப்படியே மிஞ்சிவிட்டன. அம்மனுக்குப் படைத்த சோற்றைக் குப்பையில் கொட்டக்கூடாது, நாய் வாய் வைக்கவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விடலாம், அல்லது பசுவுக்கு வைக்கலாம். இந்தப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் ஒவ்வொரு கொடைக்கும் மிச்சச் சோறு கங்கம்மாளின் தொட்டிக்குத்தான் வரும். மற்ற வருஷங்களில் ஒரு வாளி வரும். இந்த வருஷம் அண்டாவையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரத்தில் கங்கம்மாள் கோயிலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து மழையில் நனைந்தபடி வந்தபோது தொட்டி நிறையச் சோறு. வெல்லமும் நெய்யும் மணக்க, கௌரி கழுத்தை நீட்டித் தின்றுகொண்டிருந்தது. சோறு அதிகமானால் மாட்டுக்கு ஆகாது என்பது கங்கம்மாளுக்குத் தெரியாததல்ல. கழுநீர்ப் பானையில் கூடுதலாகச் சோறு கிடந்தால் கையை விட்டு அரித்து எடுத்துவிடுகிறவர்தான். ஆனால் அன்று கை எழவில்லை. அள்ளினாலும் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அம்மன் சோறு. அம்மன் கொடுத்ததை அம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கறக்கிற மாடு தின்னட்டும் என்று கிடாரியைத் தள்ளிக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கௌரி எழுந்திருக்கவில்லை. இடது வயிறு உப்பியிருந்தது. கண் உள்வாங்கியிருந்தது. சாணி தண்ணீராகப் போயிருந்தது. அதில் நுரையும் முழுச் சோற்றுப் பருக்கைகளும் தெரிந்தன. பக்கத்தில் போனால் கெட்டுப்போன மோரின் வாடை அடித்தது. கங்கம்மாள் மடியைத் தொட்டுப் பார்த்தார். துணிப்பை மாதிரி தொங்கியது.

கால்நடை மருத்துவர் ரேணுகாதேவி பந்தல்குடிப் பக்கம் ஒரு முகாமை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். சேலை ஓரமெல்லாம் சேறு. வந்தவுடன் மாட்டின் விலாவில் கையை வைத்துக் குலுக்கினார். பாதி நிரம்பிய குடத்தை ஆட்டியதுபோல உள்ளே தண்ணீர் சளசளத்தது. வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்தார். பச்சையாக இருக்க வேண்டியது பால் கலந்த சாம்பல் நிறத்தில் வந்தது. புளிப்பைக் காட்டும் ஒரு துண்டுச் சோதனைத் தாளை அதில் நனைத்தபோது தாள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. கங்கம்மாளின் மனத்திருப்திக்காகக் கிடாரியின் வயிற்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து இன்னொரு தாளில் விட்டுக் காட்டினார். அது பச்சை கலந்த மஞ்சளாக நின்றது.

“என்னம்மா வச்சீங்க?”

கங்கம்மாள் ஒளிக்கவில்லை. கொடைச் சோறு, சர்க்கரைப் பொங்கல், ஒரு அண்டா என்று சொன்னார். அள்ளக் கை எழாமல் விட்டுவிட்டதையும் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டு, மருந்தைக் கலக்கிக்கொண்டே விளக்கினார். மாட்டின் பெரிய வயிறு ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. அதற்குள் பல ஜாதிக் கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை இனிப்பைத் தின்று புளிப்பைக் கழிக்கிறவைதான். ஆனால் எந்தக் கிருமி எந்தப் புளிப்பைக் கழிக்கிறது என்பதில்தான் மாட்டின் உயிர் இருக்கிறது. தட்டையும் வைக்கோலும் போனால், நாரை மெதுவாக உடைக்கிற கிருமிகள் வேலை செய்யும். அவற்றில் சில காடியில், அதாவது வினிகரில், இருக்கிற அசிட்டிக் அமிலத்தை உண்டாக்கும். அது இரத்தத்தில் ஏறிப் பாலில் கொழுப்பாகும். வேறு சில புரோபியானிக் அமிலத்தை உண்டாக்கும். ஈரல் அதிலிருந்து சர்க்கரை செய்து மாட்டுக்குத் தெம்பு கொடுக்கும். மாடு பிழைப்பது புல்லால் என்று நாம் சொல்கிறோம், உண்மையில் பிழைப்பது இந்தப் புளிப்புகளால். உண்டாக உண்டாக உடம்பு அவற்றை இழுத்துக்கொள்வதால் வயிற்றில் எதுவும் தேங்காது.

சோறும் வெல்லமும் ஒரே வேளையில் போய் விழுந்தால் கதை வேறு. கொஞ்சமாக இருந்த ஒரு ஜாதிக் கிருமி மளமளவென்று பெருகும். அதே கிருமி, இனிப்பு குறைவாகக் கிடைக்கும்போது காடிப் புளிப்பைக் கலந்து கழித்துக்கொண்டு சாதுவாக இருப்பதுதான். அளவுக்கு மீறிக் கிடைத்ததும் அவசரத்தில் குறுக்கு வழிக்கு மாறி எல்லாவற்றையும் லாக்டிக் அமிலமாக்கிவிடும். தயிரில் இருக்கிற அதே புளிப்பு. மற்றப் புளிப்புகளைவிட அது பத்து மடங்கு கடுமை. அந்தக் கடுமையில் நார் தின்னும் கிருமிகள் செத்துப்போகும். லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகளும் செத்துப்போகும். கடைசியில் அந்தப் புளிப்பைத் தாங்குகிற தயிர்க் கிருமிகள் மட்டும் மிஞ்சி இன்னும் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பு உடம்பில் உள்ள தண்ணீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கும். வயிறு நிறையத் தண்ணீரோடு மாடு உள்ளுக்குள் வற்றிப்போகும்.

தயிர் உறைவதையும் மாவு புளிப்பதையும் தினமும் பார்க்கிற கங்கம்மாளுக்கு இது புரியாமல் இல்லை. பிழைக்குமா என்று மட்டும் கேட்டார். நாளை சாயங்காலத்துக்குள் வயிறு அசைய ஆரம்பித்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கஷ்டம் என்றார் டாக்டர்.

குழாய் வழியாகப் புளித்த தண்ணீரை வாளி வாளியாக வடித்தார்கள். ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினார்கள். கொட்டகையின் மூங்கிலில் குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கின. அதற்குள் சென்னய்யா தறிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார். தலையிலும் மீசையிலும் பஞ்சுத் தூசி. வெளி ஆள் நிற்கும்போது கணவனும் மனைவியும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள்.

“சாமி சோறு தின்னு மாடு விழுமா டாக்டரம்மா? கண்ணு பட்டிருக்கும். ஊரெல்லாம் இவ மாட்டத்தான் பாக்குது” என்றார் சென்னய்யா.

“சாமி சோறா வீட்டுச் சோறான்னு கிருமிக்குத் தெரியாதுங்கய்யா. இனிப்புன்னு மட்டுந்தான் தெரியும்.”

டாக்டர் அடுத்ததாகச் சொன்னதுதான் அந்த வீட்டைப் புரட்டிப் போட்டது. சோடா புளிப்பை முறிக்கும், செத்த கிருமியைப் பிழைக்கவைக்காது. நல்ல வயிற்றில் இருக்கிற கிருமிகளை உயிரோடு கொண்டுவந்து இதன் வயிற்றில் குடியேற்ற வேண்டும். அசைபோடும் ஒரு நல்ல மாட்டின் வயிற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்தால் போதும். கிடாரி சின்னது, அதனிடம் அவ்வளவு எடுக்க முடியாது.

கங்கம்மாள் நல்லமுத்துவைத் தேடிப்போனார். நல்லமுத்து முகம் கொடுத்துத்தான் பேசினார். ஆனால் அவருடைய இரண்டு மாடும் நிறைசினை. “நீங்க கேட்டு நான் இல்லைங்கிறது சங்கடமாத்தான் இருக்குக்கா. வாயில கொழா விட்டு அது மிரண்டு விழுந்துச்சுன்னா கன்னு போயிரும். ஒங்க மாடு பொழைக்க எம் மாடு சாகணுமா?” என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று கங்கம்மாளுக்குத் தோன்றியது. அது தோன்றாமல் இருந்திருந்தால் கொஞ்சம் கோபமாவது பட்டிருக்கலாம்.

திரும்பி வந்து சொன்னபோது டாக்டர் வேறு வழி சொன்னார். நாளை ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் ஆடு அறுப்பார்கள், அறுத்த கையோடு ஆட்டின் பெரிய வயிற்றில் இருப்பதைச் சூடு ஆறாமல் பிழிந்து கொண்டுவந்தால் போதும், ஆட்டு வயிற்றில் இருப்பதும் இதே கிருமிகள்தான் என்றார். விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அவர் போன பிறகும் சென்னய்யா தமிழிலேயே பேசினார். கோபம் வந்தால் அவருக்குத் தெருமொழிதான் வரும்.

“கறிக்கடைத் தண்ணிய ஊத்துன மாட்டுப் பால நான் எப்படி அம்மனுக்குக் கொண்டுபோவேன்? எங்கப்பா காலத்துல இருந்து ஒரு நா தவறல. அந்தப் பாலுக்காக வாயக் கட்டிக் கெடக்கோம்.”

கங்கம்மாள் மாட்டின் கழுத்தைத் தூக்கிச் சாக்கு மூட்டையில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“ஊத்தலைன்னா பாலே இல்லையே.”

“போனாப் போகுது. அது விதின்னு விடு. வேற மாடு வாங்கலாம்.”

“எதை வச்சு?”

கங்கம்மாள் குரலை உயர்த்தவில்லை. மாட்டின் காதில் மொய்த்த ஈயை விரட்டியபடியே சொன்னார்: “நாந்தான் அள்ளாம விட்டேன். சாமியும் ஒண்ணும் பண்ணல, கண்ணும் படல. நாளைக்கு நானே போறேன். நீங்க வர வேணாம், பாக்கவும் வேணாம்.”

காலையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஜெயக்குமாரின் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கங்கம்மாள் தூக்குவாளியோடு வந்து நின்றதைப் பார்த்து ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார், இன்னொருவர் சிரித்தார்.

“என்னக்கா, வழி மாறி வந்துட்டீகளா? டீக்கடை அந்தப் பக்கம்” என்றார் ஜெயக்குமார்.

“கங்கம்மாக்கா கறி வாங்குனா இன்னொரு மழை இருக்குப்பா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கங்கம்மாள் விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது. ஜெயக்குமார் மேலே எதுவும் கேட்காமல், காத்திருந்தவர்களை நிற்கவைத்துவிட்டு, புதிதாக அறுத்த ஆடுகளின் இரைப்பைகளை ஒவ்வொன்றாகக் கீறிக் கொடுத்தார். ஆவி பறக்கும் பச்சைக் கூழ். கங்கம்மாள் கொண்டுபோயிருந்த மெல்லிய மல்லுத்துணியில் அதைக் கொட்டி, முறுக்கிப் பிழிந்தார். நூலை முறுக்கிப் பழகிய மணிக்கட்டு. விரலிடுக்கில் பச்சைச் சாறு இறங்கியது. இரத்தமும் கலந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கடைசி ஆடு வரைக்கும் பிழிந்தார். வாளியை மூடிச் சாக்கில் சுற்றி, சூடு போகாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தெருவில் இரண்டு பெண்கள் கழுநீர்ப் பானையோடு அவருக்காகக் காத்திருந்தார்கள். நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

டாக்டர் வந்து குழாயைச் செருகினார். மாடு எதிர்க்கவில்லை. எதிர்க்கத் தெம்பு இல்லை. வாளிச் சாறு முழுவதும் உள்ளே போனது. பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இடது விலாவின் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டால், வயிறு அசையும்போது கையைத் தள்ளும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு டாக்டர் இன்னொரு ஊருக்குப் போனார். கங்கம்மாள் கையை வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கிடாரிக்குத் தட்டை நறுக்கிவிட்டு வந்து வைத்துப் பார்த்தார். சாணியை அள்ளிவிட்டு வந்து வைத்துப் பார்த்தார். மரக்கட்டையில் கை வைத்ததுபோல இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு, குனிந்து நின்றபடியே முஷ்டியை அழுத்திக்கொண்டிருந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். கையை எதுவோ மெதுவாகத் தள்ளியதில் விழித்துக்கொண்டார். சந்தேகமாக இருந்தது. அப்படியே கையை எடுக்காமல் நின்றார். நெடுநேரம் கழித்து மறுபடியும் தள்ளியது. அதன் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலையில் கௌரி முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. ஒரு பிடி காய்ந்த தட்டையை வாங்கியது. அப்புறம் தொண்டையில் ஒரு உருண்டை மேலேறி வந்து, தாடை பக்கவாட்டில் அசைய ஆரம்பித்தது.

பிழைத்த மாடு பழைய மாடாகிவிடவில்லை. அந்தப் புளிப்பின் கேடு குளம்புக்குள்ளும் இறங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தபடியே, கௌரி காலை வைக்கத் தயங்கித் தயங்கி நடந்தது. ஊசி போட்ட மாட்டின் பாலை விற்கக்கூடாது என்பதால் சில நாள் கறந்து தரையில் ஊற்றினார்கள். விற்கத் தொடங்கியபோது முன்பு கறந்ததில் முக்கால்வாசிதான் கறந்தது. அதற்கு ஏற்றபடி ஒரு டீக்கடையை விட்டுவிட வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் சென்னய்யா மனைவியோடு அதிகம் பேசவில்லை. மாட்டுப் பக்கம் வரவுமில்லை. ஒரு நாள் தறிக்கூடத்திலிருந்து வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டு மொழியில் மெதுவாகச் சொன்னார். கோயில் கமிட்டியில் பேசிவிட்டாராம். அவர்கள் இந்த மாட்டுப் பாலே போதும், அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள் என்றார்களாம். தமக்குத்தான் மனம் ஒப்பவில்லையாம். நல்லமுத்துவின் மாடு ஈன்றிருக்கிறது, சீம்பால் தீர்ந்ததும் அங்கிருந்து ஒரு செம்பு வாங்கிக்கொள்ளப் பேசியிருப்பதாகச் சொன்னார்.

“சரி” என்றார் கங்கம்மாள்.

“அம்மன் பாலுக்காக நீ இருட்டுல எந்திரிக்க வேணாம். விடிஞ்சப்புறம் கறந்தாப் போதும்.”

அதைக் கோபமாகச் சொன்னாரா இரக்கமாகச் சொன்னாரா என்று கங்கம்மாள் முகத்தைப் பார்த்தார். சென்னய்யா பாயை உதறிக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், விடிகிறவரை படுத்திருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு காலையில் சென்னய்யா குளித்துவிட்டு வெறும் செம்போடு நல்லமுத்துவின் தொழுவத்துக்குப் போகிறார். அங்கே கறந்து முடியும் வரை வேலி ஓரம் நிற்கிறார். வாங்கிக்கொண்டு இந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். பாளையம்பட்டிக்காரர்கள் அவரைப் பார்க்கிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை. கங்கம்மாள் அப்போதுதான் எழுந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு, கௌரியின் குளம்புக்கு வேப்பெண்ணெய் தடவ ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.